1.9க்குப் பிறகு 1.10: பதிப்பு இலக்கத்தை எப்படிப் போடுறது?

கல்லடியான்:
சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கம் அஞ்சாறு அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவு பில் போடுற மென்பொருள் செய்து குடுத்திருக்கன். பெரும்போக அறுவடை நேரம் ஒரு ஆலையில ஈரப்பதக் கழிவு பிழையா விழுந்தது. "ஹாஜியார், என்ன வேர்ஷன் கிடக்கு?" எண்டு போனில கேட்டன். "ஒண்டு தசம் ஒண்டு, தம்பி." 1.1 ரெண்டு வருசப் பழசு! திருப்பி இன்ஸ்டோல் பண்ணச் சொன்னன். மறுகாலும் ஒண்டு தசம் ஒண்டாம். ரெண்டு நாள் பழைய கோடுக்குள்ள கிடந்து தேடிப்போட்டு, பஸ் ஏறிப் போய்ப் பார்த்தா திரையில 1.10. கடைசிப் பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லை எண்டுதானே பள்ளிக்கூடத்தில படிச்சம். அவர் வாசிச்சதில பிழையே இல்லை. இதுக்குள்ள, 1.9 கிடக்கிற ஆலைகளுக்கு "புதிய பதிப்பு இல்லை" எண்டு காட்டுது. 1.09, 1.10 எண்டு போடவா? இல்லாட்டி திகதியே போடவா?

காத்தான்குடியிலிருந்து:
1.09 வேணாம் தம்பி, நூறாவது வந்தா அதே வில்லங்கம். உங்கட மென்பொருள் பதிப்பு இலக்கத்தை எண்ணா இல்லாம எழுத்தா ஒப்பிடுது. அப்படிப் பார்த்தா 10இன்ட முதல் எழுத்து 1, அது 9ஐ விடச் சின்னன். புள்ளியில வெட்டி ஒவ்வொரு துண்டையும் முழு எண்ணா ஒப்பிடுங்க. 2021ல பைதன் எண்ட நிரல்மொழியில 3.10 வந்தபோதும் இதே கதைதான்: யமல் எண்ட அமைப்புக் கோப்பில மேற்கோள்குறி போடாம எழுதினா அது 3.1 ஆகிடும். அண்ட்ரொயிட்ல ஆளுக்குக் காட்ட ஒரு பெயர், இயந்திரத்துக்கு ஏறிக்கொண்டே போற ஒரு முழு எண் எண்டு பிரிச்சே வெச்சிரிக்காங்க.

அக்கரைப்பற்று வாசகர்:
மூணு துண்டாப் போடுங்க: 1.10.0. ரெண்டு புள்ளி இருந்தா ஒருத்தரும் தசமமா வாசிக்கமாட்டாங்க. பழைய தரவோட ஒத்துப்போகாட்டி முதல் எண், புது வசதிக்கு நடு எண், திருத்தத்துக்குக் கடைசி எண். உபுண்டு எண்ட இயங்குதளத்தில 24.04 எண்டா 2024 ஏப்ரல், அது அவங்களுக்குச் சரி. அறுவடைக் கிழமையில மூணு திருத்தம் விடுற உங்களுக்கு மாதமும் வருசமும் காணாது. முழு இலக்கத்தையும் பில்லின்ட அடியில அச்சடிச்சிடுங்க. போனில வாசிக்கச் சொல்லத் தேவையில்லை, வாட்ஸ்அப்பில பில்லைப் படமெடுத்து அனுப்புவாங்க.

கல்லடியான்:
மூணு துண்டும் பில் அடியும் நல்ல யோசனை. ஆனா 1.9க்குள்ள கிடக்கிறது பழைய ஒப்பீடுதானே? 1.10.1 விட்டாலும் அந்த ஆலைகளுக்குத் தெரியாதே.

காத்தான்குடியிலிருந்து:
ஓம், அதால இந்த ஒருதரம் 2.0.0 எண்டு விடுங்க. எழுத்தா ஒப்பிட்டாலும் 2 பெரிசு. புது ஒப்பீடு அதோட போய்ச் சேரும்.

கல்லடியான்:
விட்டாச்சு. நிந்தவூர் ஆலை ரெண்டிலயும் ஏறிட்டு. ஹாஜியார்ட பில் படமும் வந்திட்டு, அடியில 2.0.0.