மூன்றாம் நாள் திரும்பி வந்த உயிர்: அது எப்படித் தியாகம்?

கேள்விக்குறி:
யாரையும் புண்படுத்த அல்ல, நிஜமாகவே புரியாமல் கேட்கிறேன். ஒருவர் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு மூன்றாம் நாளே திரும்ப வாங்கிக்கொண்டால் அதைத் தானம் என்போமா? இயேசு வெள்ளி பிற்பகல் மூன்று மணி வாக்கில் இறந்தார், ஞாயிறு விடியலில் கல்லறை காலியாக இருந்தது என்கிறது சுவிசேஷம். கூட்டிப் பார்த்தால் நாற்பது மணி நேரம்கூட இல்லை. எழுந்திருப்பேன் என்று அவர் முன்கூட்டியே சொல்லியும் இருக்கிறார், மாற்கு 8, 9, 10 என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்களில். தீப்பிடித்த வீட்டுக்குள் அடுத்தவர் குழந்தையைத் தூக்க ஓடுகிறவனுக்குத் தான் திரும்பி வருவோமா என்பதே தெரியாது. என் கண்ணுக்கு அவன்தான் பெரிய தியாகி.

இன்னொன்று. கொடுத்தது யாரிடம்? கடவுள் தன்னையே தனக்குப் பலியிட்டுத் தன் கோபத்தைத் தானே தணித்துக்கொண்டார் என்றால் அது எனக்கு விளங்கவில்லை.

பெரோயா வாசகன்:
நீங்கள் மணிக்கணக்கைப் பார்க்கிறீர்கள், பாரத்தைப் பார்க்கவில்லை. 'பாவத்தின் சம்பளம் மரணம்' என்பது ரோமர் 6:23. அந்தச் சம்பளத்தை வாங்க வேண்டியவர்கள் நாம், வாங்கியவர் அவர். கெத்செமனேயில் 'இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்' என்று கேட்டாரே, ஞாயிற்றுக்கிழமை எழுந்துவிடுவோம் என்று தெரிந்த ஒருவர் ஆணிக்கு மட்டும் பயந்து அப்படிக் கேட்டிருப்பாரா? 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற கதறலில்தான் இழப்பு இருக்கிறது. பிதாவை விட்டுப் பிரிதல். அதற்கு மணி அளவு கிடையாது.

எளிமையாகச் சொன்னால், குற்றம் செய்த மகனுக்கு அபராதம் விதித்த நீதிபதி, இருக்கையை விட்டு இறங்கி வந்து தன் பையிலிருந்தே அதைக் கட்டுகிறார். நீதியும் நின்றது, அன்பும் நின்றது.

வெட்டிப்பேச்சு:
அபராதம் என்றால் பணம். பணத்தை யார் கட்டினாலும் ரசீது கிடைக்கும். தூக்குத் தண்டனைக்கு ஆள் மாற்றி அனுப்ப எந்த நீதிமன்றம் விடும்? உங்கள் உதாரணம் நடுவழியில் வண்டி மாறி ஏறிவிட்டது ஐயா.

பிறைநிலா:
நான் இஸ்லாமியப் பின்னணி, அதனால் சிலுவைச் சம்பவத்தையே வேறு மாதிரிப் புரிந்து வளர்ந்தவள். அதை இங்கே இழுக்கவில்லை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்று குர்ஆன் பல இடங்களில் சொல்கிறது (17:15 ஒன்று). ஆனால் இது எங்கள் வாதம் மட்டுமல்ல, உங்கள் எசேக்கியேல் 18:20ம் அதையேதான் சொல்கிறது: 'பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும், குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை.' இதை வைத்துக்கொண்டு பதிலாள் தண்டனையை எப்படி நியாயம் என்கிறீர்கள்?

மூலபாடம்:
எனக்கு எந்தப் பக்கமும் இல்லை, பழைய நூல்களைப் படிக்கும் பைத்தியம் மட்டும் உண்டு. இந்த இழையில் பாதிச் சண்டை ஒரு சொல்லால் வருகிறது. தமிழில் நமக்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன: தியாகம், பலி. தியாகம் என்றால் இழப்பது, விட்டுக்கொடுப்பது. எவ்வளவு இழந்தாய் என்று அதில் அளவு கேட்கலாம். பலி என்பது சந்நிதியில் செய்யும் ஒரு செயல். (செய்தித்தாள்காரர்கள் 'விபத்தில் மூவர் பலி' என்று எழுதி அந்தச் சொல்லையும் வெறும் சாவாக்கிவிட்டார்கள், அது தனிக்கதை.) எபிரெயத்தில் காணிக்கைக்கும் பலிக்கும் பொதுவான சொல் கொர்பான். மாற்கு 7:11இல் அப்படியே வருகிறது. அதன் வேர் 'நெருங்கு' என்பது. இழப்பது என்ற பொருளே அதில் இல்லை.

பலி விதிகளைச் சொல்லும் பழைய ஏற்பாட்டு நூலான லேவியராகமத்தை எடுத்து முதல் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். மாட்டைக் கொண்டுவந்தவன் அதன் தலைமேல் கை வைக்கிறான், அவனே கொல்கிறான். ஆசாரியன் கொல்லுவதில்லை! ஆசாரியர்களின் வேலை அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது, இரத்தத்தை எடுத்துப் பலிபீடத்தின்மேல் தெளிப்பதில். 17:11இல் காரணமும் இருக்கிறது: மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது. அதாவது பீடத்துக்குப் போவது சாவு அல்ல, உயிர்.

16ஆம் அதிகாரத்தின் பாவநிவிர்த்தி நாள் இன்னும் சுவாரசியம். இரண்டு வெள்ளாடுகள், சீட்டுப் போட்டு ஒன்று கர்த்தருக்கு, ஒன்று போக்காடு. பிரதான ஆசாரியன் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்து ஜனங்களின் அக்கிரமங்களை எல்லாம் அறிக்கையிட்டுச் சுமத்துவது எந்த ஆட்டின்மேல்? கொல்லப்பட்ட ஆட்டின்மேல் அல்ல. உயிரோடு இருக்கிற ஆட்டின்மேல்! அதை வனாந்தரத்துக்குத் துரத்திவிடுகிறார்கள், அவ்வளவுதான். 'பாவத்தைச் சுமந்ததால் தண்டனையாகக் கொல்லப்பட்டது' என்ற ஆடு அந்த அதிகாரத்தில் எங்கேயும் இல்லை.

கூடவே 5:11. ஆடு வாங்க வழியில்லாதவன், புறாவுக்கும் வழியில்லாதவன், எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவைக் கொண்டுவரலாம். எண்ணெய் வேண்டாம், சாம்பிராணி வேண்டாம். ஒரு கைப்பிடி மாவு பீடத்தில் எரிகிறது, பாவம் மன்னிக்கப்படுகிறது. மாவுக்கு என்ன தண்டனை கொடுப்பீர்கள்?

வெட்டிப்பேச்சு:
மாவுக்குத் தண்டனை! இந்த வாரம் முழுக்க இதை நினைத்தே சிரிப்பேன்.

பெரோயா வாசகன்:
சிரியுங்கள், ஆனால் எபிரெயர் 9:22ஐயும் படித்துவிட்டுச் சிரியுங்கள். 'இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது.'

மூலபாடம்:
அதே வசனத்தின் முன்பாதி: 'கொஞ்சங்குறைய எல்லாம் இரத்தத்தினாலே சுத்திகரிக்கப்படும்.' அந்தக் 'கொஞ்சங்குறைய'வுக்குள் மாவுக்கு இடம் இருக்கிறது என்றே படுகிறது.

பெரோயா வாசகன்:
சரி, மாவை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏசாயா 53ஐ என்ன செய்வீர்கள்? 'நமக்குச் சமாதானத்தை உண்டுபண்ணும் ஆக்கினை அவர்மேல் வந்தது.' ஆக்கினை என்றால் தண்டனை. லேவியராகமத்தில் இல்லாததைத் தீர்க்கதரிசி சொல்கிறார். புதிய ஏற்பாடு இரண்டையும் சேர்த்தே படிக்கிறது.

மூலபாடம்:
நியாயமான அடி. அந்த அதிகாரத்தில் பதிலாள் என்ற எண்ணம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

செபமாலை:
கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒருத்தி. கேள்விக்குறியின் இரண்டாவது கேள்வி, யாரிடம் கொடுத்தார் என்பது, புதிது இல்லை. நான்காம் நூற்றாண்டிலேயே கேட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள். நீசா நகர கிரகோரியார், மனிதத்தன்மை தூண்டில் இரை, உள்ளே மறைந்திருந்த இறைத்தன்மை முள், சாத்தான் இரையென்று விழுங்கி மாட்டிக்கொண்டான் என்று விளக்கினார். அவருடைய நண்பரான நசியான்சு கிரகோரியாருக்கு இந்த வழியே பிடிக்கவில்லை. கள்வனான சாத்தானுக்கு மீட்புவிலையா, வெட்கக்கேடு என்றார். சரி, தந்தைக்கா என்றால், ஆபிரகாம் பலியிட வந்த ஈசாக்கையே ஏற்காத தந்தை தன் மகனின் இரத்தத்தில் எப்படி மகிழ்வார் என்று அதையும் மறுத்தார். நீங்கள் கேட்டதை ஒரு பேராயரே கேட்டிருக்கிறார், பாருங்கள்.

அதற்கு எழுநூறு ஆண்டுகள் கழித்து, 1098 வாக்கில், கான்டர்பரி பேராயர் அன்செல்ம் வேறு கணக்குப் போட்டார்: பாவம் கடவுளின் மாட்சிக்கு இழைத்த குறை, மனிதன் ஈடு செய்ய வேண்டும், கடவுளால்தான் முடியும், ஆகவே கடவுள்-மனிதர். கவனியுங்கள், அன்செல்ம் சொன்னது ஈடு, தண்டனை அல்ல. ஈடு செய்யாவிட்டால்தான் தண்டனை என்று இரண்டையும் தனித்தனியாக வைத்தார். தண்டனையையே கிறிஸ்து ஏற்றார் என்ற வடிவம் பதினாறாம் நூற்றாண்டின் சீர்திருத்தக்காரர்களிடம், குறிப்பாகக் கால்வினிடம், கெட்டிப்பட்டது. நடுவில் பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் அபெலார், குற்றமற்றவர் இரத்தத்தை விலையாகக் கேட்பது கொடுமை, சிலுவை நம்மில் அன்பை மூட்டத்தான் என்றார். இத்தனை பேர் இத்தனை விதமாகச் சொன்னாலும் நம்பிக்கை அறிக்கை 'நமக்காக' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறது. எப்படி என்று சொல்லவே இல்லை. எனக்கு அந்த மௌனம் பிடித்திருக்கிறது.

அப்புறம், கோபக்காரத் தந்தை, பலியாகும் மகன் என்று இரண்டு கட்சியாகப் பிரிப்பதை 2 கொரிந்தியர் 5:19 ஏற்காது. கடவுளே கிறிஸ்துவில் உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கினார். இங்கே நெருங்கி வருகிறவர் கடவுள்தான், சமாதானப்படுத்தப்படுகிறவர் அல்ல.

கேள்விக்குறி:
அப்படியானால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது, செபமாலை. தந்தைக்கு விலை வேண்டாம் என்றால் சிலுவை எதற்கு? லூக்கா 15இல் ஊதாரி மகன் திரும்பி வருகிறான். தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். நடுவில் யாரும் சாகவில்லை. கன்றை அடித்தது விருந்துக்கு. பதிலாள் தண்டனையை மறுத்த இத்தாலிய இறையியலாளர் சொசினஸின் 1594இல் வந்த நூலிலும் இதே கத்திதான்: கடனை வசூலித்தால் அது மன்னிப்பு அல்ல, மன்னித்தால் வசூல் தேவையில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

செபமாலை:
எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நெருங்கிய ஒருவருக்காக அம்மா தன் பெயரில் கடன் வாங்கிக் கொடுத்தார். அவர் திருப்பித் தரவில்லை. ஒருநாள் அம்மா அந்த ஆள் எழுதிக்கொடுத்த பத்திரத்தை அடுப்பில் போட்டுவிட்டு, 'போகட்டும்' என்றார். அவ்வளவுதான், மன்னித்தாயிற்று. ஆனால் அடுத்த மாதமும் தவணை வந்தது. அதற்கடுத்த மாதமும். கடைசித் தவணைவரை அம்மாதான் கட்டினார், அந்த ஆளுக்குத் தெரியக்கூட தெரியாது. மன்னிப்பவர் யாரிடமும் வசூலிப்பதில்லை என்பது சரி. ஆனால் செலவு ஒன்று இருக்கிறது, அது மன்னித்தவர் கணக்கில் விழுகிறது. ஊதாரி மகனின் தகப்பனும் சொத்தில் ஒரு பங்கைத் தொலைத்துவிட்டுத்தான் கட்டிக்கொள்கிறார்.

கேள்விக்குறி:
இது கொஞ்சம் தைக்கிறது. ஆனால் அம்மாவுக்கு வெளியே ஒரு கடன்காரர் இருந்தார், தவணை கேட்டார். கடவுளுக்கு வெளியே யார் தவணை கேட்டது?

செபமாலை:
நாம்தான் என்று சொல்வேன். கொன்றது நம் கைகள். இதற்குமேல் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

மூலபாடம்:
கொன்ற கைகள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அன்று அங்கே நின்றிருந்த யார் கண்ணுக்கும் அது பலியாகத் தெரிந்திருக்காது. பலிபீடம் இல்லை, பலி செலுத்தும் ஆசாரியன் இல்லை. அது ரோமர்களின் கொலைத் தண்டனை. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரியது. ஸ்பார்ட்டகஸ் தலைமையிலான அடிமைகளின் கலகம் அடங்கியபின் கி.மு. 71இல் சாலையோரமாக ஆறாயிரம் பேரை இப்படித் தொங்கவிட்டார்கள். 1968இல் எருசலேமில் ஒரு கல்லறையில் கிடைத்த குதிகால் எலும்பில் பதினொன்றரை சென்டிமீட்டர் ஆணி இன்னும் குத்தியபடியே இருந்தது. நுனி வளைந்திருந்ததால் பிடுங்க முடியவில்லை போலிருக்கிறது, அப்படியே புதைத்துவிட்டார்கள். நான் அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து 'சிலுவை' என்ற சொல்லை அலங்காரமாகப் படிக்க முடிவதில்லை.

இந்த அவமானச் சாவைக் கோயில் மொழியில் சொல்லத் துணிந்தது முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் செய்த காரியம். எபிரெயர் நிருபம் எழுதியவர் அதை எங்கே கொண்டுபோகிறார் பாருங்கள். 9:24இல் கிறிஸ்து பரலோகத்துக்குள்ளேயே பிரவேசித்தார் என்கிறார். லேவியராகமத்தின் அதே வரிசைதான்: வெளியே சாவு, பின் உயிர் உள்ளே கொண்டுபோகப்படுகிறது. கேள்விக்குறியின் முதல் கேள்விக்கு என் பதில் இங்கேதான். உயிர்த்தெழுதல் கொடுத்ததைத் திரும்ப வாங்கியது அல்ல. பலி முறைப்படி, அதுதான் கொடுத்தல். செத்தவர் உள்ளே எதையும் கொண்டுபோக முடியாதே.

பெரோயா வாசகன்:
இதை முழுதாக ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. சாவை வெறும் வாசல்படி ஆக்குகிறீர்கள். ஆனாலும் ஒன்று சேர்க்கிறேன்: யோவான் 20இல் எழுந்த உடலில் ஆணித் தழும்பு அப்படியே இருக்கிறது, தோமா விரலை நீட்டச் சொல்லப்படுகிறார். கொடுத்ததை அப்படியே திரும்ப வாங்கிக்கொண்டார் என்றால் தழும்பு ஏன்?

கேள்விக்குறி:
முதல் கேள்வியை வாபஸ் வாங்குகிறேன். நான் பலியைத் தியாகத்தின் தராசில் வைத்து எடை போட்டேன், அது தப்பு. ஆனால் உங்கள் பிரசங்கிகள் அதே தராசைத்தானே தினமும் தூக்கிக் காட்டுகிறார்கள்? அவர்களிடம் இருந்துதான் நான் கற்றுக்கொண்டேன்.

பிறைநிலா:
எசேக்கியேலுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

பெரோயா வாசகன்:
எசேக்கியேல் சொல்வது ஒருவன் குற்றத்தை இன்னொருவன் தலையில் கட்டுவதைப் பற்றி. இங்கே யாரும் கட்டவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். 'ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான். நானே அதைக் கொடுக்கிறேன்', யோவான் 10:18.

பிறைநிலா:
அவராக முன்வந்தது சரி. நீதிபதி அதை ஏற்கலாமா என்பதுதான் என் கேள்வி. யாத்திராகமம் 32. ஜனங்கள் பொன் கன்றுக்குட்டி செய்துவிட்டார்கள். மோசே மலையேறி, இவர்களை மன்னியும், இல்லையென்றால் உம்முடைய புத்தகத்திலிருந்து என் பெயரைக் கிறுக்கிப்போடும் என்கிறார். தானாக முன்வந்த மனிதர்தான் அவரும். கிடைத்த பதில்: எனக்கு விரோதமாகப் பாவம் செய்தவன் எவனோ, அவன் பெயரைத்தான் கிறுக்குவேன். அங்கே மறுத்தது சிலுவையில் எப்படிச் சரியாயிற்று?

பெரோயா வாசகன்:
மோசேயும் பாவமுள்ள மனிதர், அதனால் ஏற்கப்படவில்லை என்பது வழக்கமாக நாங்கள் சொல்லும் பதில். ஆனால் அந்த வசனத்தில் காரணமாக அதைச் சொல்லவில்லை, இப்போது திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 33ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நாளை வருகிறேன்.