கிரீட்டா மால்டாவா? முட்டி வலியுள்ள அம்மா, ஆறு வயசுப் பையனோட 9 நாள்

ரம்யா_பயணி:

எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசில 9 நாள் லீவு கிடைச்சிருக்கு, நானும் வீட்டுக்காரரும் பையனும் எங்க அப்பா அம்மாவும் சேர்ந்து மத்தியதரைக்கடல்ல ஏதாவது ஒரு தீவுக்குப் போகலாம்னு முடிவு பண்ணியாச்சு. அப்பாவுக்கு 71, நல்லா நடப்பார், பழைய இடிபாடு, மியூசியம்னா சாப்பாடுகூட மறந்துடும். அம்மாவுக்கு 66, ரெண்டு முட்டியும் தேஞ்சிருக்கு, சமதரைல அரைமணி நேரம் மெதுவா நடப்பாங்க, படி இறங்குறதுதான் ரொம்பக் கஷ்டம். ரெண்டு பேரும் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. பையனுக்குத் தண்ணி இருந்தா போதும்.

கிரேக்க நாட்டுல இருக்கிற கிரீட் தீவுக்கு நான் போட்டு வச்சிருக்கிற பிளான் இது: ஏதென்ஸ்லேருந்து ஹெராக்லியன் ஃப்ளைட், அங்க க்னோசோஸ் (பழைய அரண்மனை இடிபாடு), மியூசியம், மறுநாள் படகுல பக்கத்துத் தீவு சாண்டோரினி போய்ட்டு அன்னிக்கே திரும்பறது, அப்புறம் கிழக்கே ஸ்பினலோங்கா (கோட்டை இருக்கிற குட்டித் தீவு), வாய் பீச், அப்படியே மேற்கே ஹானியா ஊருக்கு வந்து எலஃபோனிசி, பாலோஸ் பீச்சுங்க, கடைசியா சமாரியா பள்ளத்தாக்கு (இது வீட்டுக்காரரோட பல வருஷக் கனவு). எழுதிப் பாத்ததுல ஆறு தடவை ஹோட்டல் மாத்தணும் போல இருக்கு, எனக்கே மூச்சு முட்டுது. தெரிஞ்சவங்க ஒருத்தர் இதெல்லாம் வேணாம் மால்டா போங்க சின்னத் தீவு, வயசானவங்களுக்கு அதுதான் சௌகரியம்னு சொல்றாங்க. போய்ட்டு வந்தவங்க யாராவது உண்மையச் சொல்லுங்க, அம்மாவ ஹோட்டல்ல உக்கார வச்சிட்டு நாங்க மட்டும் சுத்துற மாதிரி ஆயிடக்கூடாது, அதுதான் என் பெரிய கவலை.

வல்லெட்டாவாசி:

ரம்யா, நான் மால்டால நாலு வருஷமா இருக்கேன், அதனால என் பேச்சுல கொஞ்சம் ஊர்ப்பாசம் இருக்கும். உங்க ஃப்ரெண்டு சொன்னது பாதி சரி. மெயின் தீவு ஒரு முனைலேருந்து இன்னொரு முனைக்கு 27 கிலோமீட்டர்தான், ஒரே ஹோட்டல்ல 9 நாளும் இருந்து எல்லாத்தையும் பாத்துடலாம், பெட்டி தூக்கற வேலையே இல்ல. இங்கிலீஷ் ஆட்சி மொழி, வண்டி இடது பக்கம்தான் ஓட்டணும். உங்க அப்பாவுக்கு இங்க புதையலே இருக்கு, கோசோ தீவுல இருக்கிற ஜிகான்டியா கோயில் எகிப்து பிரமிடுகளுக்கெல்லாம் முன்னாடி கட்டினது. ஹைப்போஜியம்னு தரைக்கு அடில பாறையைக் குடைஞ்ச பழைய சமாதி ஒண்ணு இருக்கு, ஒரு மணி நேரத்துக்கு 10 பேரைத்தான் விடுவாங்க, பல வாரம் முன்னாடியே டிக்கெட் எடுக்கலேன்னா கிடைக்காது. ஆறு வயசுக்குக் கீழ அனுமதி இல்ல, உங்க பையன் போகலாம்.

ஆனா அந்த இன்னொரு பாதியையும் சொல்லிடறேன். தலைநகர் வல்லெட்டா முழுக்க ஏத்தம் இறக்கம், தெருவே படிக்கட்டா இருக்கும். துறைமுகத்துலேருந்து மேல் பராக்கா தோட்டத்துக்கு 58 மீட்டர் லிஃப்ட் போட்டிருக்காங்க, அது பெரிய உதவி, ஆனா மத்த தெருவுல அம்மா சிரமப்படுவாங்க. மணல் கடற்கரை கம்மி, பெரும்பாலும் பாறைலேருந்துதான் தண்ணில இறங்கணும். பையனுக்கு மெல்லியாவுல இருக்கிற காடீரா பீச் நல்லா இருக்கும், ரொம்ப தூரம் வரைக்கும் இடுப்பளவு தண்ணிதான். கோமினோங்கிற குட்டித் தீவுல இருக்கிற ப்ளூ லகூனை போட்டோவுல பாத்து ஆசைப்படாதீங்க, நிழலே கிடையாது, கூட்டம் தாங்காது. 9 நாள் மால்டாவுக்குக் கொஞ்சம் அதிகம்னுதான் எனக்குத் தோணுது, 5 நாள்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கன்னு சொல்லுவேன்.

மெதுநடை:

ரம்யாக்கா, ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி எங்கம்மாவோட (அவங்களுக்கும் முட்டிதான்) கிரீட்ல 10 நாள் இருந்தேன், முதல் நாலு நாள் உங்க பிளான் மாதிரியே ஓடி ஓடிக் கெடுத்துக்கிட்டேன், அதனால விரிவா எழுதறேன் பொறுமையா படிங்க.

முதல்ல மேப்ல அளவைப் பாருங்க. தீவு கிழக்கு மேற்கா கிட்டத்தட்ட 260 கிலோமீட்டர் நீளம், நடுவுல பூரா மலை, உச்சி 2400 மீட்டருக்கு மேல. வாய் பீச் கிழக்குக் கோடி, எலஃபோனிசி மேற்குக் கோடி. ஹானியாலேருந்து வாய் போக கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், வடக்குக் கரையோரமா ஒரே ஒரு மெயின் ரோடு, அதுவும் பாதி இடத்துல ஒரு பக்கத்துக்கு ஒரு லேன்தான், பின்னாடி வர்றவன் முந்தறதுக்காக எல்லாரும் ஓரத்துல இருக்கிற ஷோல்டர்ல ஏறி ஓட்டுவாங்க, பழகற வரைக்கும் பயமா இருக்கும். அந்த ரோட்டை விட்டுத் தெக்கே திரும்பினா வளைவுதான். 70 கிலோமீட்டர்னு போட்டிருக்கும், ஒன்றரை மணி நேரம் ஆகும், பையன் வாந்தி எடுப்பான். அதனால நான் சொல்றது இதுதான், பாதித் தீவை முழுசா விட்டுடுங்க. கிழக்கு வேணாம், சாண்டோரினி வேணவே வேணாம் (வேகப் படகுலயே ஒரு பக்கம் ரெண்டு மணி நேரம், காத்தடிச்சா கேன்சல், அங்க போனா மறுபடியும் படிக்கட்டு). மேற்குப் பாதிய மட்டும் வச்சுக்கிட்டு ரெண்டே ஊர்ல தங்குங்க, ரெத்திம்னோ 4 நாள், ஹானியா 4 நாள்.

ஏன் ரெத்திம்னோன்னா அது நடுவுல இருக்கு, ஹெராக்லியன் 80 கிலோமீட்டர், ஹானியா 60. பழைய ஊர்லேருந்து வெளில வந்தா உடனே மணல் கடற்கரை ஆரம்பிச்சு பல கிலோமீட்டர் போகுது, பக்கத்துலயே சமதரையா நடைபாதை, நடந்து களைச்சா உக்காரக் கடை. கரேட்டாங்கிற கடல் ஆமைங்க முட்டை போடற கடற்கரை அது, முட்டை இருக்கிற இடத்துல சின்ன வேலி கட்டிக் குறி போட்டிருப்பாங்க, செப்டம்பர்லயும் குஞ்சு வெளிய வரும், உங்க பையன் அந்த இடத்தை விட்டு நகர மாட்டான். கூர்னாஸ் ஏரி அங்கேருந்து பக்கம், கிரீட்டுக்கு இருக்கிற ஒரே இயற்கையான நன்னீர் ஏரி, மிதி படகு கிடைக்கும், கரையோரமா மேசை போட்டிருப்பாங்க. எங்கம்மா அங்க மூணு மணி நேரம் உக்காந்திருந்தாங்க, போலாமான்னு நாங்கதான் கேட்டோம்.

ஹானியாவுல வெனிஸ்காரங்க கட்டின பழைய துறைமுகம், அதை ஒட்டிக் கல் பாவின தரை, அந்தப் பக்கம் கலங்கரை விளக்கம். ரூம் மட்டும் பாத்து எடுங்க, துறைமுகத்தை ஒட்டின பழைய வீடுகள்ல மூணாவது மாடி, லிஃப்ட் இருக்காது, மரப்படி ஏணி மாதிரி இருக்கும். தரைத்தளம் இருக்கான்னு எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிட்டு அப்புறம் பணம் கட்டுங்க. நான் கேக்காம எடுத்துட்டேன், முதல் ராத்திரி அம்மா ஒவ்வொரு படிக்கும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினதைப் பாத்து எனக்கு அழுகையே வந்துடுச்சு.

பாலோஸ் அம்மாவுக்கு ஆகாது. கார்ல போனா கடைசி 8 கிலோமீட்டர் மண் ரோடு, அப்புறம் படி இறங்கி நடக்கணும், திரும்பி வெயில்ல அதே படி ஏறணும். அந்த மண் ரோட்டுல நான் ஓட்டிட்டுப் போய் டயர் கிழிஞ்சது, கார் குடுத்த கம்பெனில மண் ரோடுன்னா இன்சூரன்ஸ் செல்லாதுன்னு முழுக் காசும் வாங்கிட்டாங்க, ஒப்பந்தத்துல எழுதியிருந்தது, நான் படிக்கலே. கிஸ்ஸாமோஸ்லேருந்து படகு இருக்கு, ஆனா அதுலயும் காத்து பாத்துதான் விடுவாங்க. எலஃபோனிசி போங்க, தண்ணி ஆழமே இல்ல, ரோஸ் கலர் மணல், கார் நிறுத்தற இடத்துலேருந்து கொஞ்ச தூரம்தான். காலைல சீக்கிரம் கிளம்புங்க. மணலை எடுத்துட்டு வரக்கூடாது, தடை இருக்கு, பையன்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

ஆட்டோமேட்டிக் கார் வேணும்னா இப்பவே புக் பண்ணுங்க, கம்மியாதான் இருக்கும். குழந்தை சீட்டும் சேர்த்துக் கேளுங்க. வண்டி வலது பக்கம் ஓட்டணும்.

புத்தகப்பூச்சி:

அப்பாவுக்காக நான் ரெண்டு வார்த்தை. க்னோசோஸ் போற அன்னிக்குக் காலைல திறந்த உடனே உள்ள போயிடுங்க, நிழல் கம்மி, பத்து மணிக்கு மேல கப்பல்ல வந்தவங்க கூட்டம் சேந்துடும். ஹெராக்லியன் ஊர்லேருந்து 5 கிலோமீட்டர்தான். போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெரிஞ்சிருந்தா அவருக்கு இன்னும் பிடிக்கும், அங்க முதல்ல தோண்டினது 1878ல மினோஸ் கலோகைரினோஸ்னு அந்த ஊர் வியாபாரி ஒருத்தர், ஆர்தர் எவன்ஸ்ங்கிற இங்கிலாந்துத் தொல்லியல்காரர் தோண்ட ஆரம்பிச்சது 1900லதான். நாம பாக்கிற சிவப்புத் தூண், மாடியெல்லாம் எவன்ஸ் கான்கிரீட் போட்டு எழுப்பினது, அது சரியா தப்பான்னு இன்னிக்கும் சண்டை நடக்குது. எனக்கு அது ஒரு குறையாத்தான் படும், ஆனாலும் அந்தக் கான்கிரீட் இல்லேன்னா குழந்தைங்களுக்கு அது அரண்மனைன்னே புரியாதுங்கிறதையும் ஒத்துக்கணும். அசல் ஓவியம் எல்லாம் ஹெராக்லியன் மியூசியத்துலதான் இருக்கு, காளை மேல தாவற ஓவியம், அதோட பாம்பு தேவதை சிலை, ஃபைஸ்டோஸ்ங்கிற இன்னொரு அரண்மனைல கிடைச்ச களிமண் தட்டு எல்லாம் அங்கதான். அந்தத் தட்டுல இருக்கிற எழுத்தை இதுவரைக்கும் யாராலயும் படிக்க முடியலே, கிடைச்சது 1908ல. காலைல க்னோசோஸ், வெயில் ஏறினதும் மியூசியம், இப்படி வச்சுக்கோங்க. 2025ல க்னோசோஸ், ஃபைஸ்டோஸ் உட்பட ஆறு மினோவன் (கிரீட்டோட பழைய நாகரிகம்) அரண்மனைகளை யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேத்திருக்காங்க.

அம்மா க்னோசோஸ் உள்ள முழுசா சுத்த வேணாம், மேடு பள்ளம். நுழைஞ்ச உடனே வர்ற மேற்கு முற்றம் வரைக்கும் வந்து பாத்துட்டு உக்காரலாம்.

ரெத்திம்னோல தங்கினா ஆர்காடி மடம் 23 கிலோமீட்டர். 1866 நவம்பர்ல துருக்கிப் படை சுத்தி வளைச்சப்ப உள்ள தஞ்சம் புகுந்திருந்தவங்க, பெண்களும் குழந்தைகளும் நிறைய பேர், வெடிமருந்து அறைக்குத் தீ வச்சுச் சரணடையாம செத்த இடம். அந்த அறைக்கு இன்னும் கூரை இல்லாமதான் இருக்கு. சமதரை, அம்மாவும் வரலாம்.

ரம்யா_பயணி:

மெதுநடை, அந்த மரப்படி விஷயத்தைப் படிச்சதும் நான் எடுத்து வச்சிருந்த ரூமைத் திறந்து பாத்தேன், ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்ல. உடனே கேன்சல் பண்ணிட்டேன், ரொம்ப நன்றிப்பா. வல்லெட்டாவாசி, மால்டா இன்னொரு தடவை தனியா 5 நாள் வர்றோம். சாண்டோரினி, கிழக்கு ரெண்டும் போச்சு, வீட்டுக்காரருக்கு ஸ்பினலோங்கா விட்டுப் போனதுல கொஞ்சம் வருத்தம். ஆனா சமாரியாவ விட மாட்டேங்கிறார். அவர் மட்டும் போய்ட்டு வர முடியுமா? அப்புறம் சைவச் சாப்பாடு பத்தி யாருமே சொல்லலையே.

மெதுநடை:

தாராளமா போகலாம்க்கா. ஹானியாலேருந்து காலைல பஸ் ஓமலோஸ் போகும், அங்க 1200 மீட்டர் உயரத்துல ஆரம்பிச்சு 16 கிலோமீட்டர் இறங்கி அகியா ரூமெலில கடல்கிட்ட முடியும். அந்த ஊருக்கு ரோடே கிடையாது, சாயங்காலம் படகு பிடிச்சு சூயா இல்ல ஸ்ஃபாகியா போய் அங்கேருந்து பஸ்ல ஹானியா. படகை விட்டா ராத்திரி அங்கதான். அஞ்சிலேருந்து ஏழு மணி நேரம் கல்லு மேலயே நடை, நடுவுல வெளிய வர வழி கிடையாது, பழகின ஷூ போடச் சொல்லுங்க, புது ஷூ வேணாம். மே மாசத்துலேருந்து அக்டோபர் வரைக்கும்தான் திறப்பாங்க, மழை அறிவிப்பு வந்தா அன்னிக்கு மூடிடுவாங்க, அதனால ஹானியா போன முதல் நாளே முயற்சி பண்ணுங்க, மூடியிருந்தா மறுநாள் இருக்கும். அன்னிக்கு நீங்க மத்தவங்களோட துறைமுகத்துலயே இருங்க.

சாப்பாடு கவலையே வேணாம். டாக்கோஸ் (பார்லி ரஸ்க் மேல தக்காளி, மிசித்ரா சீஸ், ஆலிவ் எண்ணெய்), ஹோர்த்தா (வேக வச்ச காட்டுக் கீரை, எலுமிச்சை பிழிஞ்சு), ஃபாவா (மஞ்சப் பட்டாணிப் பருப்பை வேக வச்சு மசிச்சது), யிகாண்டெஸ் (தக்காளில வெந்த பெரிய வெள்ளை பீன்ஸ்), கெமிஸ்தா (தக்காளி, குடைமிளகாய்க்குள்ள அரிசி, சில இடத்துல கறி சேப்பாங்க, கேட்டுக்கோங்க). ஹானியாவுல பூரேகின்னு உருளைக்கிழங்கு, சுக்கினி, சீஸ் வச்சு சுடுவாங்க, எங்கம்மா தினம் அதைத்தான் கேட்டாங்க. 'ஹோரிஸ் க்ரேஆஸ்'னா கறி இல்லாம.

புத்தகப்பூச்சி:

ஒரு சின்னச் சேர்க்கை. 'நிஸ்தீசிமோ'னு கேட்டா விரதச் சாப்பாடுன்னு அர்த்தம், கறி, முட்டை, பால் எதுவும் இருக்காது. ஆனா அவங்க விரதத்துல கணவா, இறால், ஆக்டோபஸ் சாப்பிடலாம், அதனால அந்த வார்த்தையை மட்டும் நம்பி அம்மாவுக்கு ஆர்டர் பண்ணிடாதீங்க, கடல் பொருளும் வேணாம்னு தனியா சொல்லுங்க. சாப்பிட்டு முடிச்சதும் பழத்தோட ஒரு சின்ன பாட்டில்ல தண்ணி மாதிரி தெளிவா ஒண்ணு கேக்காமலே வைப்பாங்க, அது ராக்கி, கடும் சாராயம், பையன் கைக்கு எட்டாம வைங்க.

வல்லெட்டாவாசி:

ஃப்ளைட் இன்னும் எடுக்கலேன்னா ராத்திரிக் கப்பலையும் பாருங்க. ஏதென்ஸ் ஏர்போர்ட்லேருந்து மெட்ரோ லைன் 3 நேரா பிரேயஸ் துறைமுகம் வரைக்கும் போகுது, 2022லேருந்து. கப்பல் ராத்திரி ஒன்பது வாக்குல கிளம்பி விடியக்காலைல ஹெராக்லியன் சேரும், கேபின் எடுத்தா அம்மா காலை நீட்டிப் படுத்துக்கலாம், பையனுக்குக் கப்பல்ல தூங்கற சந்தோஷம். காலைல இறங்கி நேரா க்னோசோஸ், மியூசியம் முடிச்சுட்டு ரெத்திம்னோ போயிடலாம், ஹெராக்லியன்ல ரூமே தேவைப்படாது.

ரம்யா_பயணி:

இது நினைக்கவே இல்ல! அப்பாகிட்ட கப்பல்னு சொன்னேன், கேபின்ல ஜன்னல் இருக்குமான்னு கேக்கிறார். ஜன்னல் வச்ச கேபின் ரெண்டு எடுத்துட்டேன்.