தை மாதத் திருமணத்துக்கு வீட்டிலேயே பூக்கட்டலாமா? எதைச் செய்யலாம், எதைக் கடையில் விடலாம்?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வருகிற தை மாதம் திருநெல்வேலியில் ஒரு சிறிய மண்டபத்தில் என் திருமணம் நடக்கவிருக்கிறது. முந்தைய நாள் மாலையில் வரவேற்பு. மறுநாள் காலை ஏழரையிலிருந்து ஒன்பது மணிக்குள் முகூர்த்தம். அப்பா பணி ஓய்வு பெற்றுவிட்டதால் செலவின் பெரும்பகுதியை நானும் அண்ணனும் ஏற்றிருக்கிறோம். பூவுக்கு மட்டும் கடைக்காரர் 42,000 ரூபாய் கேட்கிறார். வரவேற்புக்கும் முகூர்த்தத்துக்கும் ஒவ்வொரு ஜோடி மாலை, எனக்குப் பூஜடை, மணமேடைக்கும் வாசலுக்கும் அலங்காரம், வரும் பெண்களுக்குக் கொடுக்க நூறு முழம் மல்லிகைச் சரம் ஆகியவை அதில் அடக்கம். எங்களால் 15,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க இயலாது.

அம்மாவும் இரண்டு சித்திகளும் சிறு வயதிலிருந்தே நன்றாகப் பூக்கட்டுவார்கள். எனக்கும் ஓரளவு வரும். ஆனால் எங்களில் ஒருவர்கூட மாலை கட்டியதில்லை. எதை வீட்டில் செய்யலாம், பூவை எப்போது வாங்க வேண்டும், முகூர்த்தம் வரை வாடாமல் எப்படி வைத்திருப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். பணத்துக்காக மட்டும் நான் இதைக் கேட்கவில்லை. மாலை மாற்றும்போது என் கையால் ஆன மாலை ஒன்றாவது அவர் கழுத்தில் விழ வேண்டும் என்ற ஆசையும் எனக்கு உண்டு.

கொடிமுல்லை எழுதியது:

வாழ்த்துகள், தங்கையே. திண்டுக்கல்லில் என் தம்பியின் திருமணத்துக்கு நாங்கள் வீட்டிலேயே பூக்கட்டினோம். ஆனால் அது ஆவணி மாதம், உங்களுடையது தை. முதலில் இந்த வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். மல்லிகை வெயிலுக்குப் பூக்கும் செடி. பங்குனி, சித்திரையில் கூடை கூடையாக வந்து குவிகிற அதே பூ, பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து, பொங்கலும் முகூர்த்த நாளும் சேரும்போது கிலோ 2,000, 3,000 ரூபாய் என்று ஏறிவிடும். நூறு கிராம் மொட்டை நெருக்கமாகக் கட்டினால் எங்கள் கைக்கு மூன்று முழம் வந்தது. அந்தக் கணக்கில் நூறு முழத்துக்கு மூன்று கிலோவுக்கும் மேல் மொட்டு வேண்டும். பூவுக்கே பத்தாயிரம் வரை போய்விட்டால், வீட்டில் கட்டி என்ன மிச்சம்?

ஆகவே விருந்தினருக்கு மல்லிகைதான் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. சந்தனம், கற்கண்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை ரோஜாக்களைக் காம்பைச் சிறிதாக நறுக்கி ஒரு தாம்பாளத்தில் அடுக்கி வைத்தால் பெண்கள் விருப்பத்துடன் எடுத்துக்கொள்வார்கள். சரமே வேண்டுமென்றால் கதம்பமாகக் கட்டுங்கள். கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் இடையிடையே சேர்ந்தால் மல்லிகை பாதியளவு போதும், மணமும் குறையாது. நேரத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பழகிய கை மணிக்கு நான்கு முழம் நிதானமாகக் கட்டும் என்றால் நூறு முழத்துக்கு இருபத்தைந்து மணி நேரம் ஆகும்; நால்வர் உட்கார்ந்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல். கல்யாண வீட்டில் அம்மாவையும் சித்திகளையும் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார விடுவார்கள் என்று நம்பாதீர்கள்.

எங்களுக்கு நேர்ந்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ரோஜா இதழ் மாலையை முதல் நாள் இரவே கோத்து, வாடக்கூடாது என்று தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி வைத்தோம். விடியற்காலையில் பிரித்தபோது இதழ்களின் ஓரமெல்லாம் பழுப்பேறி, உள்ளே புழுங்கிய வாடை வீசியது. என் தாயார் அந்த மாலையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். கடைசியில் கடைக்கு ஓடி, சொன்ன விலைக்கு ஒரு ஜோடி வாங்கி வந்தோம். இதழ் மாலையை மட்டும் முயலாதீர்கள்.

தோவாளைப் பிள்ளை எழுதியது:

என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு மாலை கட்டுவதுதான் தொழில் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கடைக்காரர் கேட்கும் தொகை முழுவதும் பூவின் விலை அன்று. முகூர்த்த நாளில் கட்டுகிறவர்களின் இரவுத் தூக்கம், உதிர்ந்து கழிந்துபோகும் பூ, அதிகாலையில் மண்டபத்துக்கு வந்து சேர்க்கும் வண்டி ஆகிய எல்லாம் அதற்குள் இருக்கின்றன. நீங்கள் மிச்சப்படுத்தப்போவது பெரும்பாலும் கூலியைத்தான். ஆகவே உங்கள் கைக்கு வரும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டால் லாபம் நிற்கும்.

முதல் மாலைக்குச் சம்பங்கியைத் தேர்ந்தெடுங்கள். தை மாதத்திலும் கிடைக்கும். மல்லிகை விற்கிற விலையோடு பார்த்தால் சிறு பங்குதான். மொட்டு கெட்டியாக இருப்பதால் பழகாத கையின் அழுத்தத்தைத் தாங்கும். கட்ட வேண்டியதில்லை, கோத்தாலே போதும். பூச்சந்தைக்கு அருகில் நாரும் ஜரிகையும் விற்கும் கடைகளில் மாலை கோக்கும் நீள ஊசி கிடைக்கும். பருத்தி நூலை நான்கு இழையாக முறுக்கி ஊசியில் ஏற்றுங்கள். மொட்டின் காம்புப் பக்கத்துக் குழல் தடித்திருக்கும் இடத்தில் குறுக்காகக் குத்தி, முதல் மொட்டு வலப்பக்கம் பார்த்தால் அடுத்தது இடப்பக்கம், அதற்கடுத்தது உங்களைப் பார்த்து, நான்காவது எதிர்ப்புறம் என்று சுற்றிச் சுற்றி ஏற்றுங்கள். ஊசி நிறைந்ததும் மொட்டுகளை இரண்டு விரலால் மெதுவாகக் கீழே தள்ளி நெருக்குங்கள். நூல் கண்ணுக்குத் தெரிந்தால் இன்னும் தள்ள வேண்டும். காம்பில் ஈரம் கசிந்தால் அளவுக்கு மீறித் தள்ளிவிட்டீர்கள். ஒவ்வொரு சாண் நீளத்துக்கும் ஒரு சிவப்பு ரோஜா, அதன் இரு பக்கமும் சிறிது துளசி வைத்தால் மாலைக்குக் களை வந்துவிடும்.

இரண்டு மாலைக்கும் நூலை முதலிலேயே ஒரே நீளத்துக்கு அளந்து வெட்டிக்கொள்ளுங்கள். பூவை ஏற்றிய பிறகு அளந்தால் ஒன்று நீண்டு ஒன்று குட்டையாகிவிடும், படத்தில் அது பளிச்சென்று தெரியும். கோத்த மாலையைத் தரையில் சுருட்டி வைக்காமல் ஆணியில் தொங்கவிட்டு, குஞ்சத்தைக் கடைசியாகச் சேருங்கள். திருமணத்துக்கு இரண்டு வாரம் முன்பு அரை கிலோ சம்பங்கி வாங்கிக் கோத்துப் பாருங்கள். எவ்வளவு நீளம் வருகிறது, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். மற்றவர் சொல்லும் கணக்கைவிட அதுவே நம்பகமானது.

எங்கள் ஊரின் மாணிக்க மாலையைப் படத்தில் பார்த்துவிட்டு அதை முயல நினைக்க வேண்டாம். வெள்ளரளி, சிவப்பரளி, நொச்சி இலை ஆகியவற்றை மடித்துத் தட்டையாகக் கட்டுகிற அந்த வேலை பல ஆண்டுப் பழக்கத்தில் வருவது. 2025-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் தெருவே மகிழ்ந்தது. அரளியைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விலை குறைவு என்று பலர் அதை அலங்காரத்துக்கு வாங்குகிறார்கள். அதன் பூ, இலை, பால் எல்லாமே நஞ்சு. பந்தி நடக்கும் இடத்திலும் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்திலும் அதை வைக்கவே கூடாது.

முகூர்த்த மாலை ஒரு ஜோடியை மட்டும் கடையில் சொல்லிவிடுங்கள் என்பது என் கருத்து. வரவேற்பு மாலையை நீங்கள் கோத்துக்கொள்ளுங்கள். அது மாலை நேரத்து நிகழ்ச்சி என்பதால் அன்று காலை வாங்கிய பூவை அன்றே அணியலாம். இரவு முழுவதும் பாதுகாக்கும் கவலை இல்லை. ஏதேனும் குறை நேர்ந்தாலும் சரிசெய்ய நேரம் இருக்கும்.

வாசற்கோலம் எழுதியது:

அலங்காரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். பகல் குறுகும் பருவத்தில் பூப்பது செவ்வந்தி. அதனால் தையில் நல்ல பூவாகவே கிடைக்கும், இரண்டு மூன்று நாள் வாடாமலும் நிற்கும். நம் ஊர்க் கேந்திப் பூவும் (செண்டுமல்லி) அப்படித்தான். இவற்றை மாவிலையோடு மாற்றி மாற்றிக் கோத்து முந்தைய நாளுக்கு முந்தைய இரவே முடித்துவிடலாம். சிறுவர்கள்கூட இதைச் செய்வார்கள். வாசலுக்குக் குலை தள்ளிய வாழையும் குருத்தோலைத் தோரணமும் இருந்தால் அதற்கு மேல் பூவே தேவையில்லை. ஓலை முடையத் தெரிந்த பெரியவர் ஒருவரை உறவில் தேடிப் பிடியுங்கள்.

பூஜடைக்கு மல்லிகை மொட்டு வேண்டும், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஆனால் மொட்டு சாயங்காலத்தில் மலரத் தொடங்கிவிடும் என்பதால் அதைக் குளிரில் நிறுத்தி வைக்க வேண்டும். தண்ணீர் தெளிக்காமல், உலர்ந்த வாழையிலையில் தளர்வாகப் பொதிந்து, மூடியுள்ள பாத்திரத்தில் வைத்துக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறையவைக்கும் அறையில் வைத்தால் மொட்டு கண்ணாடிபோல் ஆகி, எடுத்ததும் கறுத்துவிடும். அதே பெட்டியில் பழுத்த வாழைப்பழமும் ஆப்பிளும் இருக்கக் கூடாது. பழுக்கும் பழங்களிலிருந்து வரும் வாயு பூவைச் சீக்கிரம் வாடச் செய்யும். கல்யாண வீட்டில் பழத்தட்டுகள் எங்கும் இருக்கும், கவனம்.

பொருநைக்கரை எழுதியது:

இவ்வளவு அக்கறையுடன் எழுதிய அனைவருக்கும் நன்றி. இன்று அம்மாவையும் சித்திகளையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். வரவேற்பு மாலை இரண்டையும் சம்பங்கியில் நானே கோப்பது, முகூர்த்த மாலையைக் கடையில் சொல்வது, பூஜடையைப் பெரிய சித்தி தைப்பது, விருந்தினருக்கு ஒற்றை ரோஜா, மிக நெருங்கிய உறவுப் பெண்களுக்கு மட்டும் இருபது முழம் கதம்பம் என்று முடிவு செய்திருக்கிறோம். முகூர்த்தக் காலையில் நான் கட்டியது அவர் கழுத்தில் இருக்காது என்பதில் சிறு வருத்தம் இருந்தது. கடை மாலையின் குஞ்சத்தை மட்டும் உன் கையால் கட்டிச் சேர்த்துவிடு என்று அம்மா சொன்னார்கள். கடைக்காரர் அதற்குச் சம்மதிப்பாரா என்று தோவாளை அண்ணன் சொல்ல வேண்டும்.

தோவாளைப் பிள்ளை எழுதியது:

தாராளமாகச் சம்மதிப்பார், தங்கச்சி. முன்பணம் கொடுக்கும்போதே, குஞ்சம் இல்லாமல் அடிமுடிச்சோடு ஒரு முழம் நூலை விட்டுத் தரும்படி சொல்லிவிடுங்கள். குஞ்சத்துக்குக் கால் கிலோ சம்பங்கியும் நான்கைந்து ரோஜாவும் போதும். மாலை வந்ததும் நூல் ஈரமாக இருக்கும்போதே முடிந்துவிடுங்கள். காய்ந்த நூலில் முடிச்சு வழுக்கும்.