மிட்டாய் மாதிரி மாத்திரை: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

மேலூர் அம்மா:

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னவனுக்கு நான்கு வயது முடியப் போகிறது. எடை 14 கிலோ. சோறு என்றாலே வாயைப் பொத்திக்கொள்கிற ரகம். பருப்புச் சாதம் நாலு வாய் ஊட்ட, தெருவில் நாற்பது நடை நடக்க வேண்டும். சென்னையிலிருந்து வந்த நாத்தனார் அவனுக்கு ஒரு டப்பா கம்மி, அதாவது ஜெல்லி மிட்டாய் மாதிரி மென்று தின்கிற வைட்டமின், வாங்கி வந்தார். கரடிக்குட்டி வடிவத்தில், சிவப்பும் ஆரஞ்சும் பச்சையுமாக முப்பது. நாளைக்கு ஒன்று என்று டப்பாவில் போட்டிருந்தது. முதல் நாள் கையில் வாங்கியதுமே "அம்மா, கரடி மிட்டாய்!" என்றான். நானும் யோசிக்காமல், "ஆமாடா, சாதம் சாப்பிட்டாத்தான் கரடி மிட்டாய்" என்று சொல்லிவிட்டேன். எட்டு நாள் அதைக் காட்டியே சோறு இறங்கியது. இது தெரியாமல் இத்தனை நாள் தெருவில் நடந்தோமே என்றுகூட நினைத்தேன்.

ஒன்பதாம் நாள், நான் மாடியில் துணி உலர்த்திவிட்டு இறங்கி வருகிறேன். ஃபிரிட்ஜ் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கிறது. இவன் சமையலறை மூலையில் உட்கார்ந்து, இரண்டு கன்னமும் உப்ப மென்றுகொண்டிருக்கிறான். டப்பாவில் மூன்றுதான் இருந்தது. இருபத்திரண்டு இருந்திருக்க வேண்டும். பத்தொன்பது உள்ளே போயிருக்கிறது.

அத்தை வாந்தி எடுக்க வைக்கலாம் என்று உப்புத் தண்ணீர் கரைக்க ஓடினார். என் கணவர் அதைத் தடுத்து, பையனையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். (அந்த உப்புத் தண்ணீரைக் கொடுத்திருந்தால் அதுதான் பெரிய வினையாகியிருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். குழந்தை ரத்தத்தில் உப்பு ஏறிவிடுமாம்.)

டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "இதுல இரும்புச்சத்து இருக்கா?" என்பதுதான். எத்தனை சாப்பிட்டான், எப்போது சாப்பிட்டான் என்பதெல்லாம் அப்புறம்தான். டப்பாவின் பின்பக்கத்தைக் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு முறை படித்தார். இல்லை என்று தெரிந்ததும் அவர் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். பிறகு மருந்துச் சீட்டின் பின்னால் கணக்குப் போட்டார். ஒரு கரடியில் வைட்டமின் ஏ 200 மைக்ரோகிராம். பத்தொன்பது சாப்பிட்டால் 3,800. யூனிட் கணக்கில் சுமார் 12,600. எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் கை நடுங்கியது. அவர் நிதானமாக, "அங்கன்வாடியில ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்பூன்ல வைட்டமின் ஏ ஊத்துவாங்களே, கொடுத்தீங்களா?" என்று கேட்டார். கொடுத்தோம் என்றேன். "அது ஒரே வாய்ல ரெண்டு லட்சம் யூனிட். இன்னைக்கு ஒரு நாள் சாப்பிட்டதுக்குப் பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா தினமும் நாலு அஞ்சுன்னு மாசக்கணக்கா போனா வேற கதை" என்றார். ஏ, டி எல்லாம் கொழுப்பில் கரைகிறவை, உடம்பு அவற்றை ஈரலிலும் கொழுப்பிலும் சேர்த்து வைத்துக்கொள்ளும், சி மாதிரி மிச்சம் சிறுநீரில் போய்விடாது என்று விளக்கினார்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. "வீட்டுல வேற என்ன மாத்திரை இருக்கு?"

நான் இப்போது ஐந்து மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை, கரடி டப்பா இருந்த அதே கூடையில், அதே ஃபிரிட்ஜ் மேல்தான் இருந்தது. உருண்டையாக, பளபளவென்று, பார்க்க ஜெம்ஸ் மிட்டாய் மாதிரியே இருக்கும். அதில் ஒன்றுக்கு 60 மில்லிகிராம் இரும்பு. ஒரு குழந்தையின் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்று உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து, அதற்குப் பாதி போனாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும் என்றார். 14 கிலோ பையன், 14 மாத்திரை. கணக்கை நானே போட்டுக்கொண்டேன். அவன் கை முதலில் பட்டது கரடி டப்பா, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று இரவு இரண்டு முறை வயிறு போனது, வேறொன்றும் இல்லை. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. மாத்திரைக்கு மிட்டாய் என்று அவனுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தது நான்தானே. உங்கள் வீடுகளில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

சாக்பீஸ் டீச்சர்:

அம்மா, முதலில் தண்ணீர் குடியுங்கள். பிள்ளை நன்றாக இருக்கிறான், அது போதும்.

நான் அரசுத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறேன். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க நாள் வரும். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மென்று தின்கிற மாத்திரை. அதில் லேசான இனிப்பு. முதல் வருடம் நானும் உங்களைப் போலத்தான், "எல்லாரும் வாங்க, சாக்லேட் மாத்திரை" என்று கூப்பிட்டேன். வேலை சுலபமாக முடிந்தது. மறுநாள் ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் என் மேசை இழுப்பறையைத் திறந்து துழாவிக்கொண்டிருந்தான். அதில் இருந்தது என்னுடைய சர்க்கரை மாத்திரை. அன்றோடு அந்த வார்த்தையை விட்டேன்.

இப்போது, "இது மருந்து. டீச்சர் கொடுத்தால்தான் சாப்பிடணும். வருஷத்துக்கு ரெண்டு தடவைதான்" என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். அதற்காக யாரும் வேண்டாம் என்று ஓடவில்லை. நாம்தான் இனிப்பு என்று சொல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இன்னொரு கூத்தும் உண்டு. ஐந்திலிருந்து பத்து வயது வரை வாரம் ஒரு ரோஸ் நிற இரும்புச்சத்து மாத்திரை. மேலே சர்க்கரைப் பூச்சு. பாதிப் பேர் பூச்சு கரையும்வரை சப்பிவிட்டு, இரும்பின் ருசி நாக்கில் பட்டதும் ஜன்னல் வழியே துப்பிவிடுவார்கள். எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே ஒரு செம்பருத்திச் செடி இருக்கிறது. அதற்கு ரத்தசோகை வர வாய்ப்பே இல்லை.

திருச்சி மெடிக்கல்:

மருந்துக்கடையில் பதினெட்டு வருடம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

கம்மி கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அதை மருந்து என்று நினைக்கிறார்கள், மீதிப் பேர் மிட்டாய் என்று நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. சட்டப்படி அது உணவு வகை. டப்பாவில் மருந்து உரிம எண்ணுக்குப் பதிலாக 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருக்கும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரியும் இருக்கும். அந்த வரி எறும்பு சைஸில் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. கரடிப் படம் மட்டும் டப்பா முழுக்க இருக்கும்.

கம்மியில் பெரும்பாலும் இரும்பு இருக்காது. போட்டால் துரு வாடை அடிக்கும், குழந்தை தொடாது. ஆக, ரத்தம் குறைவு என்று டாக்டர் சொன்ன பிள்ளைக்குக் கம்மி வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் அம்மாக்களைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும். பின்பக்கம் படித்துக் காட்டுவேன். சிலர் கேட்பார்கள், சிலர் "டிவில சொல்றாங்களே" என்பார்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு தகவல். பழைய மாதிரி கம்மி ஜெலட்டினில் செய்வது, அதாவது மாட்டுத் தோல், எலும்பு, பன்றித் தோல் இவற்றிலிருந்து எடுப்பது. இப்போது பழத்தோலில் இருந்து எடுக்கும் பெக்டின் வைத்தும் செய்கிறார்கள். பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இந்த ஜெலட்டின் சமாச்சாரம் கத்தரி வெயிலில் கையைச் சுட்டுவிடும். ஒரு மே மாதம், ஒரு அம்மா டப்பாவைக் கொண்டுவந்து கவுண்டரில் கவிழ்த்தார். எதுவும் விழவில்லை. பூனைக்குட்டி வடிவக் கம்மி அறுபதும் உருகி ஒரே கட்டியாக டப்பா அடியில் ஒட்டிக் கிடக்கிறது. "இதைக் கத்தியால அறுத்துக் கொடுக்கலாமா தம்பி? ஒரு நாளைக்கு எவ்வளவு நீளம்?" என்று கேட்டார். சிரிக்கவும் முடியவில்லை, பதில் சொல்லவும் தெரியவில்லை. நான்கு பூனை அளவு ஒரே துண்டில் போனாலும் போகும். தூக்கிப் போடச் சொன்னேன்.

மென்று தின்கிற வைட்டமின் சி பற்றியும் சொல்ல வேண்டும். 2020-ல் கொரோனா நேரத்தில் அதற்கு வரிசையில் நின்றார்கள். ஒரு மாத்திரை 500 மில்லிகிராம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவை 35 மில்லிகிராம் அளவுக்குத்தான். ஒரு நடுத்தரக் கொய்யாப்பழத்திலேயே 200-க்கு மேல் கிடைக்கும். பிள்ளைகள் ஆரஞ்சு மிட்டாய் என்று மூன்று நான்கு சப்பிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். கடைக்கு எதிரிலேயே கொய்யா வண்டி நிற்கிறது. ஆனால் அவனிடம் ஒருவரும் இம்யூனிட்டி என்று கேட்டு வாங்குவதில்லை.

இரவுப் பணி அப்பா:

எங்கள் கதை சின்னது. மகளுக்குத் தூங்கப் போகும் முன் கம்மி கொடுப்பது வழக்கம். பல் தேய்த்த பிறகு! அது பசை மாதிரி கடைவாய்ப் பல் குழியில் ஒட்டிக்கொண்டு விடியவிடிய அங்கேயே இருந்திருக்கிறது. சர்க்கரையும் உண்டு, புளிப்புக்காகச் சிட்ரிக் அமிலமும் உண்டு. ஆறு வயதில் நான்கு பல் சொத்தை. பல் டாக்டர் ராத்திரி என்ன சாப்பிடுவாள் என்று கேட்டார். "ஒண்ணுமில்ல டாக்டர், வைட்டமின் மட்டும்தான்" என்று பெருமையாகச் சொன்னேன்.

ஸ்காபரோ அம்மா:

நாங்கள் யாழ்ப்பாணம், இப்போது டொராண்டோ பக்கம். இங்கே குளிர்காலத்தில் வெயிலை நம்ப முடியாது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு நாளைக்கு 400 யூனிட் வைட்டமின் டி கொடுக்கச் சொல்லி அரசாங்கமே சொல்லும். அதனால் எங்களுக்கு இது ஆடம்பரம் இல்லை. கைக்குழந்தைக்குச் சொட்டு, வளர்ந்த பிறகு கம்மி. போத்தலில் என்பிஎன் என்று, கனடா அரசாங்கம் அனுமதித்த பொருளுக்குக் கொடுக்கும் எட்டு இலக்க எண் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவோம்.

எங்கள் வீட்டில் பிழை நடந்தது மூடியில். இங்கே வரும் போத்தல்களுக்கு அமத்திப் பிடித்துத் திருப்புகிற மூடி. பிள்ளையால் திறக்க ஏலாது. ஆனால் அம்மம்மாவாலும் திறக்க ஏலாது, அவவுக்கு மூட்டு வாதம். அதனால் பிரஷர் குளிசை, கொலஸ்ட்ரோல் குளிசை, பேரனின் கம்மி எல்லாவற்றுக்கும் மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டு விடுவா. நான் மூன்று மாதம் கவனிக்கவே இல்லை. ஒரு நாள் மேசையைத் துடைக்கும்போது போத்தல் சரிந்து குளிசை எல்லாம் நிலத்தில் கொட்டியது. மகன் ஓடி வந்து, "இது என்ன ஃப்ளேவர்?" என்று கேட்டான். கையில் இருந்தது அம்மம்மாவின் பிரஷர் குளிசை.

இன்னொன்று. இங்கே நித்திரைக்கென்று மெலடோனின் கம்மியும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 2023-ல் 25 வகை மெலடோனின் கம்மியைச் சோதித்துப் பார்த்தார்கள். 22-இல் போத்தலில் எழுதிய அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை. அதைப் படித்த பிறகு அந்தப் பக்கமே போவதில்லை.

பேரன்களின் தாத்தா:

எங்கள் காலத்தில் மீன் எண்ணெய் மாத்திரை. மஞ்சளாக, கண்ணாடி மாதிரி, பார்க்க அத்தனை அழகு. ஒரு தடவை ஆசைப்பட்டுக் கடித்தேன். அதற்குப் பிறகு டப்பாவைத் திறந்தே வைத்தாலும் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை கிட்டே போனதில்லை.

மேலூர் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. தாத்தா பதிவைப் படித்து அத்தை விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது மாத்திரை எல்லாம் பீரோவுக்குள், சாவி என் தாலிக்கயிற்றில். அத்தையின் சர்க்கரை மாத்திரை, கணவரின் அல்சர் மாத்திரை, என்னுடைய சிவப்பு எல்லாம் அங்கேதான். சின்னவனிடம் "அது மருந்து, மிட்டாய் இல்லை" என்று சொன்னேன். "அப்ப ஏன் முன்னாடி மிட்டாய்னு சொன்ன?" என்று கேட்டான். அம்மா தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒத்துக்கொண்டேன். ஒரு நாள் முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் எல்லாம் "எங்கம்மா தப்பா சொல்லிட்டாங்க" என்று சொல்லித் திரிந்தான்.

டாக்டர் இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். எடை, உயரம் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் இரும்புச்சத்து டானிக் எழுதித் தருவாராம். கம்மி தேவையில்லை என்றுவிட்டார். சோற்றுக்கு மறுபடி தெருவில் நடைதான். முருங்கைக்கீரையைப் பருப்போடு மசித்து நெய் விட்டால் ஆறு வாய் போகிறது, முந்தியதைவிட இரண்டு கூட.

மீதி மூன்று கரடி என்ன ஆயிற்று என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். என் கணவர் தின்றுவிட்டார். நன்றாகத்தான் இருந்ததாம்.