மணாலி–லே பைக் பயணம்: நாலு நண்பர்கள், நாலு வேகம்

கேள்வி: கல்லூரி நண்பர்கள் நாலு பேர், வயது நாற்பதைத் தாண்டியாச்சு. மணாலியிலேர்ந்து லடாக்ல இருக்கற லே நகரத்துக்கு பைக்ல போறோம். போற வழியில மனஸ்தாபம் வராம இருக்க என்ன ஏற்பாடு பண்ணலாம்?

பதில் 1: சண்டை பெரும்பாலும் வேகத்துலதான் ஆரம்பிக்கும். மெதுவா ஓட்டுறவர் இரண்டாவதா வரட்டும், அனுபவசாலி கடைசியில. அவரவர் கண்ணாடியில பின்னாடி வர்ற வண்டி தெரியணும். தெரியலைன்னா ஓரங்கட்டி நிக்கணும். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.

பதில் 2: முதல் ராத்திரியே வழியில இருக்கற சர்ச்சு (Sarchu) ங்கற இடத்துல தங்காதீங்க. அது 4,200 மீட்டருக்கு மேல, காத்துல ஆக்ஸிஜன் குறைவு. தலைவலியில தூக்கமே வராது, விடிஞ்சா எல்லார் மேலயும் எரிச்சல். அதுக்கு முன்னாடி வர்ற ஜிஸ்பா கிராமம் சுமார் 3,200தான், அங்கே தங்குங்க. வாந்தியோட தலைவலி வந்தா மேலே ஏறக்கூடாது, உடனே கீழே இறங்கணும். கூட இறங்கப்போறது யார்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பேசி வைங்க. அந்த நேரத்துல நண்பனைத் தனியா அனுப்புறது ஆபத்து. அதோட, முடியலைங்கறதை மறைக்காம சொல்ற தைரியமும் அவனுக்கு வரணுமே!

பதில் 3: வழியில டாண்டிங்கற ஊர் பெட்ரோல் பங்க்ல டேங்க்கை நிரப்பி, வண்டிக்கு 5 லிட்டர் கேன் கட்டிக்கோங்க. சாப்பாடு, தங்கலுக்கு எல்லாரும் சமமா முன்பணம் போட்டு ஒருத்தர்கிட்ட கொடுங்க. பெட்ரோல் அவரவர் செலவு.