குழாய்க் கசிவு உணரி இரவுக்கு ஓர் இடத்தைக் காட்டுகிறது: உதவி தேவை

நீர்வழி:
வணக்கம். எங்கள் குடியிருப்பின் பிரதானக் குழாயில் எங்கோ கசிகிறது. இரண்டு வால்வு தொட்டிகளுக்குள் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பியசோ உணரிகளை ஒட்டி, ஒலி வந்துசேரும் நேர வித்தியாசத்தை லோரா என்ற தொலைதூரக் கம்பியில்லாத் தொடர்பு வழியாகப் பெற்றுக் கசியும் இடத்தைக் கணக்கிடுகிறேன். சந்தடி அடங்கிய பிறகு, இரவு இரண்டு மணிக்கு மேல்தான் பதிவு செய்கிறேன். ஆனாலும் ஒவ்வோர் இரவும் வேறோர் இடம் வருகிறது. காட்டிய இடத்தில் தோண்டினால் மண் காய்ந்து கிடக்கிறது. சங்கத்தாருக்குப் பதில் சொல்ல வேண்டும், விரைவாக உதவுங்கள்.

மேட்டுத்தெரு:
குழாய் வார்ப்பிரும்பா, பிவிசியா? விட்டம் என்ன? உணரிகளுக்கு இடையே எவ்வளவு தூரம்? ஒலியின் வேகத்திற்கு எந்த எண்ணை இட்டிருக்கிறீர்கள்?

அலைவாங்கி:
தொட்டியின் மூடி இரும்பா? அப்படியென்றால் அதுதான் காரணம். லோராவின் 865–867 மெகாஹெர்ட்ஸ் அலை இரும்பு மூடிக்கடியில் வெகுவாக வலுவிழக்கும். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் கேட்கவே வேண்டாம். ஆன்டெனாவை வெளியே கொண்டுவாருங்கள்.

மேட்டுத்தெரு:
தரவு வரவில்லை என்று அவர் சொல்லவே இல்லையே.

அலைவாங்கி:
இன்று வருகிறது, மழைக்காலத்தில் பார்ப்போம்.

நொடிமுள்:
இரண்டு கருவிகளின் கடிகாரங்களையும் எப்படி ஒத்திசைக்கிறீர்கள்? பத்து லட்சத்தில் 20 பங்கு பிழையுள்ள சாதாரணக் கடிகாரப் படிகம் ஒரு மணி நேரத்தில் 72 மில்லி விநாடி விலகக்கூடும். ஒலியின் வேகம் விநாடிக்கு 1,200 மீட்டர் என்றால், நேரப் பிழையை வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கும் கணக்கில், கசிவிடம் ஏறத்தாழ 43 மீட்டர் தள்ளிப்போய்விடும். ஒரே லோரா செய்தியை இரு கருவிகளும் பெறும் கணத்தைக் குறித்துக்கொண்டு, அதைப் பூஜ்ஜியமாக வைத்து உடனே பதிவைத் தொடங்கினால் இந்தப் பிழை பெரும்பாலும் ஒழியும்.

மூத்தவர்:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை விடை எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கும் பொறுமைதான் யாருக்கும் இருப்பதில்லை. சிங்கப்பூரில் வாட்டர்வைஸ் திட்டத்தில் குழாய்களில் கம்பியில்லா அழுத்த உணரிகளையும் நீருக்குள் ஒலி கேட்கும் ஹைட்ரோஃபோன்களையும் வைத்தார்கள் என்று படித்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறீர்கள். அங்கே 24 மணி நேரமும் குழாயில் அழுத்தம் இருக்கிறது. உங்கள் குழாயில் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் இருக்கிறதா என்பதை முதலில் வால்வு திறப்பவரிடம் கேளுங்கள். உணரியே தேவையில்லை, தண்ணீர் விடும் நேரத்தில் வீட்டு இணைப்புகளை அடைத்து, ஓட்டமானியைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு பகுதி வால்வாக மூடிவந்தால், எந்தப் பகுதியை மூடும்போது ஓட்டம் சட்டென்று குறைகிறதோ அங்கேதான் கசிவு.

மேட்டுத்தெரு:
ஐயா, அந்த முறை வால்வுகள் முழுதாக மூடும் ஊருக்குப் பொருந்தும். எங்கள் பக்கம் பாதி வால்வுகள் மூடிய பிறகும் தண்ணீரை விடுகின்றன, மீதி தார்ச்சாலைக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. மேலும், அது தெருவைத்தான் காட்டுமே தவிர, தோண்ட வேண்டிய இடத்தைக் காட்டாது.

மூத்தவர்:
வால்வைப் பழுதுபார்க்காத இடத்தில் உணரி வைப்பது வீண் செலவு.

நொடிமுள்:
தெருவைக் கண்டுபிடிக்க ஓட்டமானி, தெருவுக்குள் இடத்தைக் கண்டுபிடிக்க உணரி. இதில் சண்டை எதற்கு?

நீர்வழி:
பிவிசி, 110 மில்லிமீட்டர். வேகம் 1,200. தண்ணீர் காலை ஆறு முதல் எட்டு வரைதான் விடுவார்கள், இரவில் வால்வு மூடியிருக்கும்.

மேட்டுத்தெரு:
1,200 என்பது இரும்புக் குழாய்க்கு உரிய எண். பிவிசியின் சுவர் நெகிழ்வதால் வேகம் விநாடிக்கு 400 முதல் 500 மீட்டர் என்ற அளவுக்கு இறங்கிவிடும். உயர் அதிர்வெண்கள் சிறிது தூரத்திலேயே மங்கிவிடும் என்பதால், வெளியே ஒட்டிய பியசோ தகட்டை விட நீருக்குள் இறக்கும் ஹைட்ரோஃபோன் நல்லது. அதைவிட முக்கியமான கேள்வி, அழுத்தமில்லாத குழாயில் இரவு இரண்டு மணிக்கு நீங்கள் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? பதிவின் அதிர்வெண் வரைபடத்தில் 50 அல்லது 100 ஹெர்ட்ஸில் கூர்மையான முகடு நிற்கிறதா? நின்றால் அது மின்மோட்டாரின் ரீங்காரமாக இருக்கலாம். இரு உணரிகளின் பதிவுகளிலும் உள்ள சீரான ரீங்காரத்தை நேரம் நகர்த்தி ஒப்பிட்டால், ஒப்பீட்டு வரைபடத்தில் சம உயரத்தில் பல முகடுகள் வரும். அவற்றில் இரவுக்கு ஒன்றை உங்கள் நிரல் பொறுக்கியெடுக்கும். கசிவின் இரைச்சல் அப்படி ஒரே சுருதியில் நிற்காது.

அலைவாங்கி:
மூடி இரும்பா என்று இன்னும் சொல்லவில்லை.

நீர்வழி:
100 ஹெர்ட்ஸ் முகடு இருக்கிறது. அடுத்த தொகுப்பு வீடுகளின் ஆழ்துளை மோட்டாரை நிறுத்தச் சொன்னேன், ஒலி நின்றுவிட்டது. இனி காலை ஆறு மணிக்குப் பதிவு செய்கிறேன். மூடி கான்கிரீட். நன்றி.

மூத்தவர்:
ஆறு மணிக்கு வீட்டுக்கு வீடு குழாயைத் திறந்திருப்பார்கள், அதுவும் கசிவைப் போலவே இரையும். அவற்றை அடைக்கச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள்.