எங்கள் வீட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம்: விட்டுப்போன ஒரு பெயர்

ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாகப் படித்த குடும்பங்களிடம் அனுபவத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருந்ததால் எங்கள் வீட்டுக் கதையையும் எழுதுகிறேன். எங்களுக்குக் கொள்ளிடம் பக்கம். ஆற்றைத் தாண்டினால் சிதம்பரம். அண்ணாமலைநகர் என்று யாரும் சொல்ல மாட்டோம், 'யுனிவர்சிட்டி'தான்.

தாத்தா 1940இல் தமிழ் வித்துவான் படிப்புக்குச் சேர்ந்தார். பல்கலைக்கழகம் தொடங்கி (1929) அப்போது பதினோரு வருடம்தான் ஆகியிருந்தது. விபுலாநந்தரும் சோமசுந்தர பாரதியாரும் இருந்து நடத்திய தமிழ்த்துறை அது. நெடுஞ்செழியன், அன்பழகன் எல்லாம் அங்கே படித்த காலம். 1941இல் அங்கே தமிழிசை மாநாடு நடந்தபோது பந்தலில் தண்ணீர்ப் பானைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை தாத்தாவுக்கு. "பாட்டு முழுக்கக் காதில் விழுந்தது, பாடியவர் ஒருத்தர் முகத்தையும் பார்க்கவில்லை" என்பார்.

அப்பா 1962இல் இஞ்சினியரிங். அவரிடம் கல்லூரி பற்றி என்ன கேட்டாலும் 1965 ஜனவரியில்தான் வந்து நிற்பார். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் 27ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ராசேந்திரன் என்ற மாணவர் இறந்தார். அப்பாவுக்கு அவரோடு பழக்கம் இல்லை. ஆனாலும் கல்லூரியை மூடியதும் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, தண்டவாளத்தை ஒட்டியே கொள்ளிடம் பாலம் தாண்டி வீட்டுக்கு நடந்ததைச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் குரல் மாறிவிடும். நுழைவாயிலில் இருக்கும் ராசேந்திரன் சிலையைக் கடக்கும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நிற்பார்.

அப்புறம் நான், 1996இல் மொழியியல். இப்போது தம்பி மகள், பரங்கிப்பேட்டையில் கடல்வாழ் உயிரியல். வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது அந்த மையம். அலையாத்திக் காட்டுச் சேற்றில் முழங்கால் வரை இறங்கிவிட்டு வந்து, தாத்தாவின் ஈசிசேரில் உட்கார்ந்து நண்டு வகைகளைப் பற்றிப் பேசுவாள்.

ஆக நான்கு தலைமுறை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா இப்படித்தான் சொல்வார். நானும் ரொம்ப நாள் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் கணக்கில் அம்மா இல்லை என்பது எனக்கு உறைக்கவே நாற்பது வயது தாண்டிவிட்டது.

அம்மா பி.யு.சி. (அந்தக் காலத்துப் புகுமுக வகுப்பு) முடித்த கையோடு கல்யாணம். 1979இல் அங்கே அஞ்சல்வழிக் கல்வி தொடங்கியிருந்தார்கள். 1984இல் அம்மா பி.ஏ. தமிழுக்குப் பணம் கட்டினாள். எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு எட்டு. அப்பா பொதுப்பணித் துறை வேலையில் வாரக் கணக்கில் வெளியூரில் இருப்பார். தபால்காரர் பாடப் புத்தகக் கட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார். சணல் கயிற்றை அவிழ்த்து முதலில் புரட்டிப் பார்ப்பது தாத்தாதான். பள்ளிக்கூடத்தில் தமிழய்யாவாக இருந்து ஓய்வு பெற்றிருந்தார்.

அவர்தான் அம்மாவுக்கு வாத்தியார். அம்மா கொல்லையில் ஆட்டுக்கல்லில் மாவு அரைப்பாள். தாத்தா உள்ளே ஈசிசேரில் இருந்தபடி குரல் கொடுப்பார்.

"அம்மாடி, 'நடந்தனன்' பிரி பார்ப்போம்."

"நட பகுதி மாமா. த் சந்தி, அது ந் ஆனது விகாரம். இன்னொரு த் இறந்தகால இடைநிலை. அன் ஆண்பால் விகுதி."

"சாரியை எங்கம்மா போச்சு?"

ஆட்டுக்கல் சத்தம் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து, "நடுவுல ஒரு அன் இருக்கு மாமா, அதுதான் சாரியை" என்று பதில் வரும். மறுபடி குழவி உருளும். அந்த நிசப்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் கழித்து, மொழியியல் முதல் வகுப்பில் சொல்லை உருபன் உருபனாக, அதாவது பொருள் தரும் மிகச் சிறிய துண்டுகளாக, பிரிக்கக் கற்றுக்கொடுத்தபோது, எனக்கு அது புதுப் பாடமாகவே தெரியவில்லை.

யோசித்துப் பார்த்தால், தாத்தா அங்கே போய்ப் படித்த தமிழ் அப்பாவிடம் வரவில்லை. அப்பாவுக்கு வந்தது பாலக் கணக்கும் மதகுக் கணக்கும். மருமகள் வழியாகத்தான் அது என்னிடம் வந்தது. எங்கள் வீட்டுத் தலைமுறைக் கணக்குக்கு நடுக்கண்ணி அம்மாதான். அவளையே விட்டுவிட்டு எண்ணியிருக்கிறோம்.

அப்போது யாரும் அதைப் படிப்பாகவே மதிக்கவில்லை. "கரஸ்ல (அஞ்சல்வழியில்) போட்டிருக்கா" என்று சொந்தக்காரர்கள் சொல்லும் தொனியே வேறு. பரீட்சை எழுதியது கும்பகோணத்தில். 1987இல் பட்டம் தபாலில் வந்தது. பட்டமளிப்பு விழாவுக்கு அம்மா போகவில்லை. போக வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை எழுதும்போது வருத்தமாக இருக்கிறது.

அம்மா முதன்முதலில் யுனிவர்சிட்டிக்குள் கால் வைத்தது 1996இல், என்னைச் சேர்க்க வந்தபோதுதான். வீட்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாத இடம். வாசலில் காவலாளி, "யாரும்மா படிக்கிறாங்க, பொண்ணா?" என்று கேட்டார். அம்மா கொஞ்சமும் தயங்காமல், "நானும் இங்க படிச்சவதான். இப்ப பொண்ணைச் சேர்க்க வந்திருக்கேன்" என்றாள். அவர் எழுந்து நின்று, "வாங்கம்மா" என்றார். அன்றைக்கு நூலகத்தின் வாசல்படியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். அம்மா பாதிச் சாப்பாட்டில், "மாமா இருந்திருக்கணும்" என்றாள். தாத்தா இறந்து அப்போது இரண்டு வருடம்.

போன பொங்கலுக்குத் தம்பி மகள் ஒரு பெரிய அட்டையில் எங்கள் வீட்டுப் பட்டங்களை எழுதிக்கொண்டிருந்தாள். 'கொள்ளுத் தாத்தா, தாத்தா, அத்தை, நான்' என்று போனது அவள் பட்டியல். நான் ஒன்றும் சொல்லாமல் பீரோவிலிருந்து அம்மாவின் சான்றிதழை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். படித்துப் பார்த்தவள் என் அப்பா பட்டத்துக்குக் கீழே இடம் பண்ணி, 'பாட்டி, பி.ஏ. தமிழ், 1987' என்று எழுதினாள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"செகண்ட் கிளாஸ்னு போடு கண்ணு. அதையும் போடு."